பேச்சுக்கு எத்தனை மார்க்?

(விற்பனைப் பயிற்சியாளர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழில்: பிசினஸ் ரியாலிட்டி ஷோக்களும் ஊக்கப் பேச்சும்.)

'தி அப்ரண்டிஸ்' மாதிரி நிகழ்ச்சிகளில் போட்டியாளர்களை மேடை ஏற்றி, ஊழியர்களுக்கு உற்சாகம் வரும்படி பேசச் சொல்கிறார்கள். வியாபாரம் தெரிந்தவரைத் தேடும் இடத்தில் பேச்சுக்கு ஏன் மார்க்? நீங்கள் நடுவராக உட்கார்ந்தால் எதைப் பார்த்து மார்க் போடுவீர்கள் மேடம்?
– வாசகி, நாமக்கல்

பேச்சுக்கு மார்க் போடுவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஒரு பம்புசெட் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் வருடக்கணக்காகக் காலை மீட்டிங் நடத்தியவள் நான். மார்ச் கடைசி வாரம், டார்கெட் எட்டாத தூரத்தில் இருக்கும். பையன்கள் வெயிலில் அலைந்து கறுத்துப் போயிருப்பார்கள். ஏற்கெனவே 'ஸ்டாக் வேண்டாம்' என்று சொன்ன அதே டீலர் கடைக்கு அவர்களை மறுபடி அனுப்ப வேண்டும். சம்பளத்தைக் காட்டியோ மெமோவைக் காட்டியோ அதைச் செய்ய முடியாது. பேசித்தான் செய்ய வேண்டும். ஆகவே, தொழில் நடத்தத் தெரிந்தவருக்கு இந்தப் பேச்சும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான்.

எதற்கு மார்க் என்பதில்தான் எனக்கும் மற்ற நடுவர்களுக்கும் தகராறு வரும். ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், இந்த டிவி நிகழ்ச்சிகளைப் பார்த்து அதே பாணியில் மாணவர்களுக்குப் போட்டி வைத்தார்கள். மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. சீட்டில் எழுதியிருந்த சூழ்நிலை இது: நீங்கள் ஒரு கூரியர் கிடங்கின் புதிய மேலாளர். தீபாவளி நெருங்குகிறது. இரவு ஷிஃப்டில் மூன்று பேர் வரவில்லை. வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்களிடம் மூன்று நிமிடம் பேசுங்கள்.

ஒரு பையன் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டான். 'சாம்பியன்ஸ்!' என்று ஆரம்பித்தான். எடிசன் வந்தார், கழுகு வந்தது, 'முடியாது என்ற சொல்லே என் அகராதியில் இல்லை' வந்தது. குரல் ஏறி இறங்கிய விதம் பிரமாதம். கடைசியில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, 'நம்மால் முடியும்' என்று மூன்று முறை கத்த வைத்தான். அரங்கமே அதிர்ந்தது.

அடுத்து வந்த பெண் மைக்கை ஸ்டாண்டை விட்டு எடுக்கவே இல்லை. 'டீ குடிச்சாச்சா எல்லாரும்?' என்றாள். 'மூணு பேர் வரலை. அந்த வேலையும் உங்க தலையிலதான் விழும்னு உங்களுக்கே தெரியும். அதனால எல்லாத்தையும் இன்னைக்கே முடிங்கன்னு நான் கேட்கலை. மதுரை வண்டியும் திருச்சி வண்டியும் ஒரு மணிக்குள்ள கிளம்பணும். மத்தது காலையில பார்த்துக்கலாம். ஸ்கேனர்ல நான் நிக்கிறேன். யார் யாருக்கு ஓவர்டைம்னு பேர் எழுதி அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்.' நடுவில் ஒரு இடத்தில் தடுமாறித் தாளைப் பார்த்தாள். நேரம் பாக்கி இருக்கும்போதே, 'ஏதாவது கேட்கணுமா?' என்று கேட்டு முடித்துவிட்டாள். கைதட்டல் சுமார்தான்.

பக்கத்தில் இருந்த விளம்பரத் துறைக்காரர் பையனுக்கு எட்டும் பெண்ணுக்கு ஐந்தும் போட்டிருந்தார். என் தாளில் அது தலைகீழாக இருந்தது. மூன்றாவது நடுவர் லாரி வைத்துத் தொழில் செய்பவர். அதிகம் பேசாத மனிதர். 'அந்தப் பொண்ணு சொன்னா நானே இறங்கி லோடு தூக்குவேங்க' என்றார். அதோடு விவாதம் முடிந்தது.

அந்தப் பெண்ணிடம் நான் பார்த்ததையேதான் டிவி போட்டியாளரிடமும் பார்ப்பேன். அவள் எதிரே இருந்தவர்களுக்காக மட்டுமே பேசினாள். அந்தப் பையனின் பேச்சை வங்கி ஊழியர்களிடம், பத்தாம் வகுப்பு மாணவர்களிடம், கிரிக்கெட் அணியிடம் ஒரு வார்த்தை மாற்றாமல் பேசலாம். எங்கேயும் பேசக்கூடிய பேச்சுக்கு என்னிடம் பாதி மார்க்கைத் தாண்டாது. அப்புறம், அவள் ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேட்டாள்: இரண்டு வண்டி, ஒரு மணி. கேட்டவர்கள் எழுந்து போகும்போது எந்தப் பெட்டியை முதலில் தூக்குவது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய மனக்குறையை அவளே முதலில் வாய்விட்டுச் சொன்னதும் பெரிய விஷயம். முணுமுணுப்பவனின் முணுமுணுப்பை மேடையில் இருப்பவர் சொல்லிவிட்டால், அவன் அதற்குப் பிறகு வருவதைக் காது கொடுத்துக் கேட்கிறான். தான் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சொன்னாள். ஊக்கப் பேச்சில் இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். 'நீங்கள் சிங்கங்கள்' என்று சொல்கிற மேலாளர், ஷிஃப்ட் முழுக்க எங்கே இருப்பார் என்று சொல்வதில்லை.

கத்த வைக்காமலே ஊக்கம் தர முடியும் என்பதற்கு ஆதாரமாக ஒரு ஆய்வை என் வகுப்புகளில் எப்போதும் சொல்வேன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்களை வைத்து ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் செய்து 2007ல் வெளியிட்டது. ஊழியர்களில் ஒரு பிரிவினரை, அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் மாணவர் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேச வைத்தார்கள். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவினர் போனில் பேசிய நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தன. யாரும் அவர்களை எழுந்து நின்று கத்தச் சொல்லவில்லை. தங்கள் வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது அவர்கள் கண்ணில் பட்டது. ஒரு போட்டியாளர் மூன்று நிமிடத்தில் அந்த 'யாருக்கு' என்பதைக் காட்டிவிட்டால், மேடையில் ஒரு அடிகூட நகராமல் நின்றாலும் நான் முழு மார்க் போடுவேன்.

நன்றாகப் பேசி எல்லோரையும் கவர்ந்தவரையே வெளியேற்றிவிடுகிறார்களே? நடுவர்களுக்குப் பாரபட்சம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம்.
– வாசகர், சிவகாசி

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் பார்த்ததும் அவர்கள் பார்த்ததும் ஒன்றில்லை. போட்டியாளர் பேசியது பல நிமிடம் என்றால் திரையில் வருவது சில விநாடித் துண்டுகள்தான். நடுவில் கேமரா தலையாட்டும் முகங்களைக் காட்டும், பின்னணியில் இசை ஏறும். அந்த முகம் அந்த வாக்கியத்துக்குத்தான் தலையாட்டியதா என்பது எடிட்டிங் அறைக்குத்தான் தெரியும். வீட்டில் இருந்து மார்க் போடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், அந்த நிகழ்ச்சியில் யார் எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார் என்பது. அமெரிக்காவில் என்பிசி டிவி 2004லும், பிரிட்டனில் பிபிசி 2005லும் 'தி அப்ரண்டிஸ்' ஒளிபரப்பைத் தொடங்கின. பிரிட்டனில் ஆரம்பம் முதலே தீர்ப்புச் சொல்பவர் ஆலன் சுகர் என்ற தொழிலதிபர். முதல் ஆறு சீசன்களில் வெற்றியாளருக்கு அவரிடம் வருடம் ஒரு லட்சம் பவுண்டு சம்பளத்தில் வேலை. 2011ல் அது மாறியது. அப்போதிருந்து ஜெயிப்பவரின் தொழிலில் அவர் இரண்டரை லட்சம் பவுண்டு முதலீடு செய்து கூட்டாளியாகிறார். சம்பளத்துக்கு ஆள் எடுப்பவர் சாமர்த்தியமாகப் பேசுகிறவரை விரும்பலாம். தன் பணத்தைப் போட்டுக் கூட்டாளி ஆகிறவர், 'இந்த ஆள் பேசினால் சரக்கு நகருமா, கணக்கு நிற்குமா' என்று பார்ப்பார். பாரபட்சம் என்று உங்களுக்குத் தோன்றுவது பெரும்பாலும் இந்தப் பார்வை வித்தியாசம்தான்.

அந்த நிகழ்ச்சியில் எனக்கு மிகப் பிடித்த டாஸ்க் ஒன்று உண்டு. நிறுவனங்களின் ஊழியர்களை ஒரு நாள் வெளியே அழைத்துப் போய், விளையாட்டு, பயிற்சி, உற்சாகப் பேச்சு என்று நடத்திக் கொடுக்க வேண்டும். 2013 சீசனிலும் அது வந்தது. வாடிக்கையாளர் நிறுவனத்துக்குத் திருப்தி இல்லை என்றால் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். ஊக்கப் பேச்சை மதிப்பிட இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியவில்லை. கைதட்டியவர்களே பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது, பேச்சு எங்கே நழுவியது என்பது பேசியவருக்கே விளங்கிவிடும்.

நான் கல்லூரி ஆசிரியர். 'பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55' என்று ஒரு பயிற்சி முகாமில் சொன்னார்கள். எங்கள் போட்டிக்கு அப்படியே மதிப்பெண் தாள் தயாரிக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

தயவுசெய்து வேண்டாம். இந்தக் கணக்கு ஊர் ஊராகப் பரவியிருப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிற விஷயம். இதை நம்பி, சொல்ல ஒன்றுமே இல்லாமல் கையை மட்டும் வீசப் பழகிய பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

அந்த எண்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967ல் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட இரண்டு ஆய்வுகளில் இருந்து வந்தவை. அங்கே யாரும் மேடையில் பேசவில்லை. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரலில் பதிவு செய்து ஒலிக்கவிட்டார்கள். இன்னொன்றில் ஒரே ஒரு சொல், கூடவே முகங்களின் புகைப்படங்கள். சொல் ஒன்று சொல்ல, குரலும் முகமும் வேறொன்று சொன்னால், எதிராளிக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை மக்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. உணர்ச்சியையும் விருப்பு வெறுப்பையும் பற்றிப் பேசும்போது தவிர மற்ற பேச்சுக்கு இந்தச் சமன்பாடு பொருந்தாது என்று அவரே விளக்கிவிட்டார். கூரியர் கிடங்கில் 'ஒரு மணிக்குள் மதுரை வண்டி' என்ற செய்தியில் 93 சதவீதம் குரலிலும் கையசைவிலும் எப்படிப் போய்ச் சேரும்?

மதிப்பெண் தாளுக்கு மாதிரி வேண்டுமென்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் பக்கம் பாருங்கள். 1924ல் கலிபோர்னியாவில் தொடங்கிய பேச்சுப் பயிற்சி அமைப்பு, நம் ஊர்களிலும் கிளைகள் உண்டு. அவர்களின் சர்வதேசப் பேச்சுப் போட்டிக்குப் பல வருடம் பயன்பட்ட தாளில் உள்ளடக்கத்துக்கு 50, சொல்லும் விதத்துக்கு 30, மொழிக்கு 20. நேரமும் கறார். ஐந்து முதல் ஏழு நிமிடம். இருபுறமும் அரை நிமிடத்துக்கு மேல் தவறினால் தகுதியிழப்பு. தொழில் சார்ந்த போட்டி என்றால் நான் உள்ளடக்கத்தின் பாதியைப் பிரித்து, 'கேட்டவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பேசியவர் தெளிவாகச் சொன்னாரா' என்ற ஒரே கேள்விக்குக் கொடுத்துவிடுவேன்.

முதலீட்டாளர்கள் முன் தொழிலைச் சொல்லிப் பணம் கேட்கும் 'ஷார்க் டேங்க்' மாதிரி நிகழ்ச்சிகளில் சிலர் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி அழுகிறார்கள். எனக்கும் கண் கலங்கிவிடுகிறது. ஆனால் அது மார்க்குக்காகச் செய்ததோ என்றும் தோன்றுகிறது. நடுவர் அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்?
– வாசகி, காரைக்குடி

அம்மா, உங்கள் கண்ணீரைச் சந்தேகப்படாதீர்கள். பட்ட கஷ்டத்தைச் சொல்லும்போது குரல் உடைவது மனித இயல்பு. அதற்காக யாருடைய மார்க்கையும் நான் குறைத்ததில்லை.

ஆனால் கதை எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பேன். 2014ல் கோலாலம்பூரில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் போட்டியில் இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி வென்றார். தன் வாழ்க்கையைத்தான் பேசினார். இணையத்தில் காணொளி இருக்கிறது, பாருங்கள். இளமையில் தடம் மாறிய தன்னைச் சொல்கிறார், தன்னிடம் நல்லதைக் கண்ட மனிதர்களைச் சொல்கிறார், பிறகு கேட்பவர் பக்கம் திரும்பிவிடுகிறார். கடைசியில் உங்களுக்கு அவர்மீது இரக்கம் மிஞ்சுவதில்லை, உங்களைப் பற்றிய யோசனைதான் மிஞ்சும். சொந்தக் கதை அப்படித் திரும்ப வேண்டும்.

தொழில் போட்டியில் இன்னும் ஒரு படி கூடுதலாகக் கேட்பேன். 'அப்பா இறந்தபோது கடையில் ஆறு மாத வாடகை பாக்கி' என்று ஒரு பெண் சொன்னால், அந்தப் பாக்கியை எப்படி அடைத்தாள் என்பது எனக்கு வேண்டும். எந்தச் சரக்கை நிறுத்தினாள், யாரிடம் தவணை கேட்டாள்? அதைச் சொன்னால் கேட்கிற இன்னொரு கடைக்காரருக்கு அது ஊக்கம். 'அழுதேன், எழுந்தேன், ஜெயித்தேன்' என்று மூன்று சொல்லில் தாண்டினால், நடுவில் இருந்த பாடம் அத்தனையும் போய்விட்டது. அவளுடைய உழைப்புக்கே அது அநியாயம்.

இன்னொன்று: அடுத்தவர் கஷ்டத்தைத் தன் பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறவர்கள். 'எங்கள் கம்பெனியில் ஒரு துப்புரவுப் பணியாளர் அம்மா இருக்கிறார்' என்று ஆரம்பித்து, அவருடைய வீட்டு நிலைமையை ஊருக்கே சொல்வார்கள். அந்த அம்மாவிடம் கேட்டீர்களா என்று கேள்வி நேரத்தில் கட்டாயம் கேட்பேன்.

குலுக்கலில் முதல் ஆளாகப் பேசும்படி வந்துவிட்டால் நஷ்டமா?
– வாசகர், தர்மபுரி

ஓரளவு நஷ்டம்தான். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் புகழ்பெற்ற ராணி எலிசபெத் இசைப் போட்டியின் முடிவுகளை இரண்டு பொருளாதார அறிஞர்கள் அலசி 1996ல் வெளியிட்டார்கள். இறுதிச் சுற்றின் முதல் நாளில் வாசித்தவர்களுக்கு மேலிடம் கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. உலகத்தரமான நடுவர்களுக்கே அப்படி. முதல் ஆளுக்கு மார்க் போடும்போது 'இன்னும் நல்லவர் வரலாம்' என்று கை இழுக்கும். அதனால் முதல் மூவர் பேசி முடியும்வரை நான் பென்சிலில்தான் மார்க் எழுதுவேன். நீங்கள் முதல் ஆளாக இருந்தால் கவலையை விட்டு, முதல் வாக்கியத்தை மட்டும் நன்றாகத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆங்கிலத்தில் பேசினால்தான் நடுவர்கள் மதிப்பார்களா?
– வாசகர், அறந்தாங்கி

உங்களிடம் வேலை செய்யப்போகிறவர்கள் எந்த மொழியில் சண்டை போடுவார்களோ அந்த மொழியில் பேசுங்கள் தம்பி. 'ஸ்டாக்', 'மார்ஜின்', 'டெலிவரி' என்று கடையில் புழங்குகிற சொற்கள் வந்தால் வரட்டும், அது தமிழுக்குள் வந்து வெகுநாளாகிவிட்டது. விஜய் டிவியில் வந்த 'ஸ்டார்ட்அப் சிங்கம்' நிகழ்ச்சியில் தமிழிலேயே பேசி முதலீடு கேட்டார்கள். மதிக்காத நடுவர் இருந்தால் அந்தப் போட்டியின் தரம் அவ்வளவுதான் என்று விட்டுவிடுங்கள்.

என் மகள் ஒரு டிவி பிசினஸ் போட்டிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுகிறாள். கை நடுங்குகிறது என்று பயப்படுகிறாள். என்ன சொல்லட்டும் மேடம்?
– வாசகி, விருதுநகர்

கை நடுங்கினால் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். தாளைப் பிடிக்கும்போதுதான் நடுக்கம் பெரிதாகத் தெரியும், அதனால் தாளுக்குப் பதில் கெட்டியான சிறு அட்டையில் குறிப்பு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணாடியை விட்டுவிடட்டும். கண்ணாடி முன் பழகுகிறவர்கள் தங்கள் முகத்தைக் கவனிக்கப் பழகுகிறார்கள், எதிரே இருப்பவர் முகத்தைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் தையல் கடையோ, பேக்கரியோ, நாலைந்து பேர் வேலை செய்கிற இடம் ஏதாவது இருக்கும். முதலாளியிடம் அனுமதி கேட்டு, வேலை செய்கிறவர்களோடு ஒரு மணி நேரம் அவள் உட்காரட்டும். எந்த வேலை அலுப்பு, எந்த நேரம் கஷ்டம், போன வாரம் எதற்காகக் கோபம் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மறுநாள் போய் அவர்களிடமே இரண்டு நிமிடம் பேசட்டும். போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆனால் திரும்பிப் பார்க்கும்போது அவள் முகத்துக்குப் பதில் கேட்பவர்கள் தெரியும்படி போனை வைக்க வேண்டும். யார் எந்த இடத்தில் கையில் இருந்த வேலையை நிறுத்தினார்கள், யார் எந்த இடத்தில் மறுபடி ஊசியை எடுத்தார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரியும். வேலையை நிறுத்திக் கேட்ட வாக்கியங்களை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம். ஆடிஷன் தேதி தெரிந்ததும் எழுதுங்கள். அவள் பேச்சை எழுதி அனுப்பினால் நானே படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.